இதய இரத்தநாள அறிவியலில் போஸ்ட்டாக் ஆய்வாளரை உருவாக்குவது எப்படி: அமெரிக்க ஆய்வகங்களை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

இதய நோய் ஆய்வுக்கென்றே ஓர் அரசு நிறுவனத்தை உருவாக்கும் சட்டத்தில் அமெரிக்க அதிபர் ட்ரூமன் 1948 ஜூன் மாதம் கையெழுத்திட்டார். அதே ஆண்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃப்ரேமிங்ஹாம் ஊரில் 5,209 பேரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வும் தொடங்கியது. இரத்த அழுத்தமும் கொழுப்பும் புகைப்பழக்கமும் மாரடைப்புக்கு வழிவகுக்கின்றன என்று இன்று எல்லோரும் இயல்பாகச் சொல்வதற்கு அந்த ஆய்வு பெரிதும் காரணம். அந்தச் சட்டம் ஆய்வுக்குப் பணம் ஒதுக்கியதோடு நிற்காமல், ஆய்வாளர்களைப் பயிற்றுவிப்பதையும் புதிய நிறுவனத்தின் பொறுப்பாக்கியது. இப்போது என்.எச்.எல்.பி.ஐ. (தேசிய இதயம், நுரையீரல், இரத்த நிறுவனம்) என்று அழைக்கப்படும் அந்த நிறுவனத்தின் பயிற்சி நல்கைகளால் ஆளாகி வந்தவர்களே இத்துறையின் ஆய்வகங்கள் பலவற்றை நடத்துகிறார்கள்.

இந்த வழிகாட்டி, முனைவர் பட்டமோ மருத்துவப் பட்டமோ முடித்துவிட்டு இதய ஆய்வகத்தில் சேரும் முனைவர் பட்ட மேலாய்வாளரை, வழக்கில் சொல்வதானால் போஸ்ட்டாக்கை, பயிற்றுவிக்கும் நெறியாளருக்காக எழுதப்பட்டது. பயிற்சி பெறுபவரும் இதைப் படித்துத் தமக்கு உரியதைக் கேட்டுப் பெறலாம். போஸ்ட்டாக் காலம் முடிவு நாள் குறிக்கப்பட்ட காலம் என்பதுதான் இதில் நான் திரும்பத் திரும்ப வலியுறுத்தப் போவது. அந்த முடிவு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணித் திட்டமிடும் ஆய்வகங்களில் மேலாய்வாளர் தனக்கென ஒரு கேள்வியோடு வெளியேறுகிறார். அப்படி எண்ணாத ஆய்வகங்களில் அவர் நெறியாளரின் திட்டத்துக்கு உழைத்த கைகளாக ஐந்தாறு ஆண்டுகளைக் கழித்துவிட்டு, கையில் சில கட்டுரைகளோடு அடுத்த போஸ்ட்டாக் இடத்தைத் தேடுகிறார். தேசிய சுகாதார நிறுவனமான என்.ஐ.எச்.சின் ஆலோசனைக் குழு ஒன்று 2023 டிசம்பரில், போஸ்ட்டாக் காலம் ஐந்து ஆண்டுகளைத் தாண்டக்கூடாது என்றும் ஆண்டு ஊதியம் 70,000 டாலருக்குக் குறையக்கூடாது என்றும் பரிந்துரைத்ததன் பின்னணி இதுதான்.

முதல் படி: ஊதியம் எந்த நல்கையிலிருந்து வருகிறது என்பதைத் தெளிவாக்குங்கள்

இது கணக்கர் பார்த்துக்கொள்ள வேண்டிய விவரம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பயிற்சியின் வடிவத்தை இதுவே தீர்மானிக்கிறது. டி32 என்பது பல்கலைக்கழகத்துக்கோ மருத்துவக் கல்லூரிக்கோ தரப்படும் பயிற்சி நல்கை. அதன்கீழ் குறிப்பிட்ட எண்ணிக்கையில் இடங்கள் இருக்கும், அவற்றுக்கு யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதை அந்த நிறுவனமே முடிவு செய்யும். எஃப்32 என்பது மேலாய்வாளர் தம் பெயரிலேயே விண்ணப்பித்துப் பெறுவது. இவ்விரண்டும் 1974ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாகி, 2002 முதல் ரூத் கிர்ஷ்ஸ்டைன் பெயரைத் தாங்கிவரும் தேசிய ஆய்வுப் பணி விருதுத் திட்டத்தைச் சேர்ந்தவை. போஸ்ட்டாக் நிலையில் இவ்விரண்டையும் சேர்த்து, பொதுவாக மூன்று ஆண்டுகளுக்கு மேல் யாரும் இதைப் பெற முடியாது. 2024ஆம் ஆண்டு விகிதப்படி முன் அனுபவம் இல்லாத போஸ்ட்டாக்குக்கு ஆண்டு உதவித்தொகை 61,008 டாலர்.

இதில் ஒரு கடமையும் உண்டு. அதைப் பலரும் கையெழுத்திடும் நாளில்தான் அறிகிறார்கள். முதல் 12 மாத உதவித்தொகைக்கு ஈடாக அதே அளவு காலம் ஆய்விலோ கற்பித்தலிலோ பணிபுரிய வேண்டும். ஆனால் 13ஆம் மாதம் முதல் பயிற்சியில் தொடரும் ஒவ்வொரு மாதமும் அந்தக் கடனில் ஒரு மாதத்தைக் கழித்துவிடும் என்பதால், இரண்டு முழு ஆண்டுகள் இருப்பவருக்குப் பாக்கி எதுவும் மிஞ்சாது. பத்து மாதத்தில் வேறு வேலைக்குப் போக நினைப்பவருக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

டி32, எஃப்32 ஆகிய இரண்டும் அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும் மட்டுமே உரியவை. ஜே1 என்ற பரிமாற்ற வருகையாளர் விசாவில் சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ வந்து சேரும் ஒருவர் இதை அறியாமல் முதல் ஆண்டைக் கழித்துவிடுவதை நான் ஒரு முறைக்கு மேல் பார்த்திருக்கிறேன். அவருக்கான வழிகள் வேறு. நெறியாளரின் ஆய்வு நல்கையிலிருந்து ஊதியம் பெறலாம். அமெரிக்க இதயச் சங்கத்தின் போஸ்ட்டாக் நல்கை ஜே1, எச்1பி உள்ளிட்ட விசாக்களில் இருப்பவர்களுக்கும் திறந்திருக்கிறது. சொந்த ஆய்வகத்துக்குப் பாலமாக அமையும் கே99 நல்கைக்கும் (ஆறாம் படியில் இதைப் பார்ப்போம்) குடியுரிமைத் தடை இருந்ததில்லை. ஜே1 ஆய்வாளர் விசாவுக்கு ஐந்து ஆண்டு உச்சவரம்பு இருப்பதையும், சிலருக்கு இரண்டு ஆண்டுகள் தாய்நாட்டில் வசித்தாக வேண்டும் என்ற நிபந்தனை பொருந்துவதையும் சேரும் வாரத்திலேயே பன்னாட்டு அலுவலகத்தில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். விதிகளும் தொகைகளும் மாறக்கூடியவை என்பதால், அந்தந்த ஆண்டின் அறிவிப்பை வரி விடாமல் படித்த பிறகே திட்டமிட வேண்டும்.

இரண்டாம் படி: முதல் மாதத்திலேயே எழுத்தில் ஓர் உடன்பாடு

தனிநபர் வளர்ச்சித் திட்டம் என்ற பெயரில் நிரப்பப்படும் படிவம் ஏறக்குறைய எல்லா நிறுவனங்களிலும் உண்டு. படிவத்தை நிரப்பிக் கோப்பில் போடுவதால் மட்டும் பயன் விளையாது. நெறியாளரும் மேலாய்வாளரும் எதிரெதிரே உட்கார்ந்து மூன்று கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும். இந்த ஆய்வகத்தில் எந்தத் திட்டம் நெறியாளருடையது, எந்தக் கிளை மேலாய்வாளருடையது? முதல் ஆண்டில் எந்த இரண்டு செய்முறைகளைப் பிறர் உதவியின்றிச் செய்யும் அளவுக்குக் கற்க வேண்டும்? எந்த மாதத்தில் எந்த நல்கைக்கு விண்ணப்பிக்க வேண்டும்? முதல் கேள்விக்குத் தெளிவான விடை எழுத நெறியாளர் தயங்கினால், பின்னாளில் வரப்போகும் மனக்கசப்பின் விதை அங்கேயே விழுகிறது என்று கொள்ளலாம்.

நெறியாளர் ஒருவர் போதாது. ஆய்வகத்துக்கு வெளியிலிருந்து மூன்று பேரைக் கொண்ட ஒரு குழு ஆறு மாதத்துக்கு ஒரு முறை கூட வேண்டும். அவர்களில் ஒருவர் இதய மருத்துவராகவும் ஒருவர் புள்ளியியலாளராகவும் இருப்பது நல்லது. ஒவ்வொரு கூட்டத்திலும் கடைசிப் பதினைந்து நிமிடம் நெறியாளர் அறையை விட்டு வெளியே போய்விட வேண்டும். மேலாய்வாளர் மனம் திறந்து பேசுவதற்கு இதைவிட எளிய ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் படி: கையும் கண்ணும் பழகுதல்

இதய அறிவியலில் முடிவின் தரம் செய்முறையின் தரத்தைப் பொறுத்தது. இங்கே அவசரப்பட்டால் பின்னால் எத்தனை ஆண்டு உழைத்தாலும் ஈடுசெய்ய முடியாது.

வளர்ந்த சுண்டெலியின் இதயத்திலிருந்து தசைச் செல்களைப் பிரித்தெடுப்பதை எடுத்துக்கொள்வோம். இதயத்தை வெளியே எடுத்த சில நிமிடங்களுக்குள் பெருந்தமனியில் ஒரு மெல்லிய குழாயைச் செருகிக் கட்டி, லாங்கண்டார்ஃப் முறைப்படி கரைசலைப் பின்னோக்கிச் செலுத்த வேண்டும். இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் கரோனரி நாளங்களின் வாய் பெருந்தமனி வால்வுக்குச் சற்று மேலே இருக்கிறது. குழாயின் நுனி வால்வைத் தாண்டி உள்ளே போய்விட்டால் கரைசல் அந்த நாளங்களுக்குப் போகாமல் இதய அறைக்குள் கொட்டும். இதயம் வெளிறாது, நொதி தசையைச் சென்றடையாது. சரியாகச் செருகியிருந்தால் நாளங்களில் இருந்த இரத்தம் வடிந்து தசை வெளிறுவது கண்ணுக்குத் தெரியும். பிறகு கால்சியம் இல்லாத கரைசல், அதன்பின் கொலாஜினேஸ் நொதி, இதயம் விரலுக்கு மெத்தென்று ஆகும்வரை. அடுத்துக் கால்சியத்தைப் படிப்படியாகத் திரும்பச் சேர்க்க வேண்டும். ஒரேயடியாகச் சேர்த்தால் செல்கள் சுருங்கி உருண்டையாகிச் செத்துப்போகும். நுண்ணோக்கியில் நீள்செவ்வகமாக, குறுக்குவரிகள் தெளிவாகத் தெரியும் செல்கள் உயிருள்ளவை, உருண்டைகள் இறந்தவை. புதியவர் முதல் சில வாரங்கள் உருண்டைகளையே பார்ப்பார். அந்த வாரங்களில் நெறியாளரோ மூத்த ஆய்வாளரோ பக்கத்தில் நின்று, தவறு குழாயிலா, நொதியிலா, கால்சியத்திலா என்று பிரித்துக் காட்ட வேண்டும். குறிப்பேட்டைக் கொடுத்துவிட்டுப் போவது பயிற்சி ஆகாது.

எக்கோவில், அதாவது ஒலியலையால் இதயத்தைப் படமெடுத்து அளப்பதில், இன்னும் நுட்பமான ஆபத்து இருக்கிறது. ஓர் ஆய்வகத்தில் மருந்து கொடுத்த சுண்டெலிகளின் இதயம் மற்றவற்றைவிட வலுவாகச் சுருங்குவதாகக் காட்டும் அழகான வரைபடம் ஒன்று என்னிடம் வந்தது. ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் பதிவாகியிருந்த இதயத் துடிப்பை எண்ணிப் பார்த்தோம். மருந்து பெற்ற குழுவில் நிமிடத்துக்கு 500ஐ ஒட்டியும், மற்ற குழுவில் 400க்குக் கீழேயும் இருந்தது. ஒரு குழுவைக் காலையிலும் மற்றொன்றை மாலையிலும் அளந்திருக்கிறார்கள். மாலையில் ஐசோஃப்ளூரேன் மயக்கம் ஆழமாகிவிட்டது. ஆழ்ந்த மயக்கம் துடிப்பையும் குறைக்கும், சுருங்கும் திறனையும் குறைக்கும். மூன்று மாத உழைப்பு மயக்கமருந்தின் விளைவை அளந்திருந்தது. அந்த மேலாய்வாளர் மனமுடைந்து போனார், ஆனால் அந்த ஒரு பிற்பகலில் அவர் கற்றதை எந்த வகுப்பும் கற்பித்திருக்காது. அன்று முதல் அங்கே துடிப்பும் உடல்வெப்பமும் எழுதப்படாத எக்கோ அளவீடு எண்ணிக்கையில் சேர்க்கப்படுவதில்லை.

ஆகவே பயிற்சியின் முதல் ஆறு மாதத்துக்குள் சில பழக்கங்கள் வேரூன்றிவிட வேண்டும். எந்தச் சுண்டெலி எந்தக் குழு என்பது அளப்பவருக்குத் தெரியக்கூடாது. குழு பிரிப்பது குலுக்கல் முறையில் நடக்க வேண்டும். எத்தனை விலங்குகள் தேவை என்பதை முன்கூட்டியே கணக்கிட வேண்டும். இறந்தவற்றையும் விலக்கப்பட்டவற்றையும் எண்ணிக் காட்ட வேண்டும். விலங்கு ஆய்வை எப்படி எழுத வேண்டும் என்று வகுத்த 'அரைவ்' நெறிமுறைகள் 2010இல் வெளிவந்து 2020இல் திருத்தப்பட்டன; பாலினத்தையும் ஓர் உயிரியல் காரணியாகக் கணக்கில் கொள்ள வேண்டும் என்பது 2016 முதல் என்.ஐ.எச். கொள்கை. இவற்றைக் கட்டுரை எழுதும்போது நினைவுகூர்வதால் பயனில்லை. பெருந்தமனியை இறுக்கி அழுத்தச்சுமை ஏற்றும் அறுவையில் 27 எண் ஊசியை அளவாக வைத்து முடிச்சிடுகிறோம். முடிச்சு கைக்குக் கை மாறும். அறுவைக்குப் பிறகு டாப்ளர் ஒலியலைச் சோதனையில் அழுத்த வேறுபாட்டை அளந்து உறுதிசெய்யாவிட்டால், நாம் ஒப்பிடுவது இரண்டு மரபணுக்களையா, இரண்டு பேருடைய முடிச்சுகளையா என்பதே தெரியாது.

நான்காம் படி: ஆய்வகத்துக்காரர் நோயாளியைப் பார்க்கட்டும், மருத்துவர் ஆய்வு மேசைக்கு வரட்டும்

டல்லாஸில் மருத்துவரான ஹெலன் ஹாப்ஸும் ஆய்வாளரான ஜொனாதன் கோஹனும் சேர்ந்து செய்த பணியை ஒவ்வொரு மேலாய்வாளரும் ஒரு முறையாவது ஆற அமரப் படிக்க வேண்டும். பி.சி.எஸ்.கே.9 மரபணுவில் சில மாற்றங்கள் கொழுப்பை மிகையாக்குகின்றன என்று 2003இல் பிரெஞ்சுக் குடும்பங்களில் கண்டறியப்பட்டது. அதே மரபணு செயலிழந்தால் என்ன ஆகும் என்று இவர்கள் மக்கள்தொகை ஆய்வுகளில் தேடினார்கள். 2006இல் வெளியான முடிவின்படி, அத்தகைய மாற்றம் கொண்ட கறுப்பின மக்களுக்கு எல்.டி.எல். கொழுப்பு 28 சதவீதம் குறைவு, கரோனரி நோய் 88 சதவீதம் குறைவு. 2015இல், இந்த மரபணு உருவாக்கும் புரதத்தைத் தடுக்கும் இரண்டு மருந்துகள் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. குடும்பத்தில் தொடங்கி மரபணு, மக்கள்தொகை, மருந்து என்று போன இந்தப் பாதையில், ஒரு துறையின் மொழி மட்டும் தெரிந்தவர் பாதியிலேயே நின்றிருப்பார்.

இதைப் பயிற்சியாக மாற்றுவது கடினமில்லை. முனைவர் பட்டம் பெற்றவர் மாதத்தில் ஒரு நாள் இதயச் செயலிழப்பு வெளிநோயாளர் பிரிவில் உட்காரட்டும். கத்தீட்டர் அறையில் அடைப்பு திறக்கப்படும் காட்சியைக் கண்ணாடிக்கு அப்பால் நின்று பார்க்கட்டும். இரண்டு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, இரவில் மூன்று தலையணை வைத்தால்தான் தூங்க முடிகிறது என்று நோயாளி சொல்வதைக் கேட்டவர், இரத்த வெளியேற்றப் பின்னம் (ஒரு துடிப்பில் இதய அறை வெளியேற்றும் இரத்தத்தின் சதவீதம்) ஐந்து புள்ளி உயர்ந்தது என்ற தம் முடிவை வேறு கண்ணோடு பார்ப்பார். பயிற்சிக்கு வந்த மருத்துவருக்கோ தேவை நேர்மாறானது. இரண்டு ஆண்டு தடையற்ற ஆய்வு நேரம், புள்ளியியல், நிரல் எழுதும் பழக்கம் ஆகியவை அவருக்கு வேண்டும். வார்டு பணி அந்த நேரத்தைத் தின்றுவிடாமல் துறைத்தலைவரிடம் எழுத்தில் உறுதி வாங்குவது நெறியாளரின் வேலை.

ஐந்தாம் படி: நேர்மையை வகுப்போடு நிறுத்தாதீர்கள்

பொறுப்பான ஆய்வு நடத்தை குறித்துக் குறைந்தது 8 மணி நேரம் நேரடிப் பயிற்சி தர வேண்டும், நான்கு ஆண்டுக்கு ஒரு முறையாவது அதைப் புதுப்பிக்க வேண்டும் என்பது என்.ஐ.எச். பயிற்சி நல்கைகளின் விதி. எட்டு மணி நேரம் தேவைதான்; ஆனால் இத்துறை பட்ட அடி அதைவிடப் பெரியது. எலும்பு மஜ்ஜைச் செல்கள் சேதமடைந்த இதயத்தைப் புதுப்பிக்கின்றன என்று 2001இல் வெளியான கட்டுரை உலகெங்கும் நம்பிக்கையைக் கிளப்பியது. 2004இலேயே இரண்டு குழுக்கள் அதைத் தங்களால் காண முடியவில்லை என்று எழுதின. இதயத்திலேயே இருக்கும் குருத்தணுக்கள் என்று சொல்லப்பட்ட சி-கிட் செல்கள் புதிய தசைச் செல்களை மிக அரிதாகவே தருகின்றன என்று, எந்தச் செல்லிலிருந்து எது பிறக்கிறது எனப் பின்தொடரும் மரபுவழித் தடமறியும் ஆய்வு 2014இல் காட்டியது. அந்த 2001 கட்டுரைக்குத் தலைமை தாங்கியவரின் ஆய்வகத்திலிருந்து பின்னாளில் வந்தவற்றுள் 31 கட்டுரைகளைத் திரும்பப் பெற வேண்டும் என்று ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும் 2018இல் இதழ்களுக்குப் பரிந்துரைத்தன. அதற்குள் நோயாளிகளின் உடலில் இந்தச் செல்கள் செலுத்தப்பட்டிருந்தன என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் வேதனையாக இருக்கிறது. எத்தனையோ இளம் ஆய்வாளர்களின் நல்ல ஆண்டுகளும் இதில் கரைந்தன.

ஆகவே வாராந்தரக் கூட்டத்தில் வரைபடத்தை மட்டும் காட்டும் வழக்கத்தை விட்டுவிட்டு, மாதம் ஒரு முறை மூலத் தரவையே திரையில் திறந்து பாருங்கள். எதிர்பார்த்த விடை வராத சோதனையைக் கொண்டுவருபவரை முதலில் பேசச் சொல்லுங்கள். நெறியாளரின் கருதுகோள் தவறு என்று காட்டிய மேலாய்வாளருக்கு அந்த ஆய்வகத்தில் என்ன நடக்கிறது என்பதை மற்றவர்கள் கவனித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

ஆறாம் படி: நாட்காட்டியைப் பின்னோக்கி எண்ணுங்கள்

சொந்த ஆய்வகம் நோக்கிப் போகிறவருக்குக் கே99/ஆர்00 முக்கியமான பாலம். நெறியாளரின் கீழ் இரண்டு ஆண்டு வரை, பிறகு பேராசிரியர் பணியில் சொந்தமாக மூன்று ஆண்டு வரை அது தொடரும். விண்ணப்பிக்கும்போது போஸ்ட்டாக் அனுபவம் நான்கு ஆண்டைத் தாண்டியிருக்கக்கூடாது என்பது அதன் நெடுநாளைய விதி. மறுமுறை விண்ணப்பிப்பதற்கும் அதே வரம்புதான். முதல் முயற்சியிலேயே கிடைத்துவிடும் என்று யாரும் திட்டமிடக்கூடாது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒருவர் 2024 செப்டம்பரில் சேர்ந்தால் நான்கு ஆண்டு 2028 ஆகஸ்டில் முடிகிறது. புதிய கே99 விண்ணப்பங்களுக்கு வழக்கமான நாட்கள் பிப்ரவரி, ஜூன், அக்டோபர் மாதங்களின் 12ஆம் தேதி. மறுவிண்ணப்பத்துக்கு மார்ச், ஜூலை, நவம்பர் 12. அவர் 2027 பிப்ரவரியில் விண்ணப்பித்தால் கோடையில் மதிப்பாய்வாளர்களின் கருத்து கையில் கிடைக்கும். அதற்கு விடையளிக்கும் சோதனைகளைச் செய்து நவம்பரிலோ, தவறினால் 2028 மார்ச்சிலோ மறுபடி அனுப்பலாம். ஆகஸ்டுக்குள் இரண்டு முயற்சிகளும் அடங்கிவிடும். இதற்கு 2026 கோடைக்குள் முதல் கட்டுரை அனுப்பப்பட்டிருக்க வேண்டும். அதற்கு 2025 இறுதிக்குள் செய்முறை கை வந்திருக்க வேண்டும். இதயச் சங்க நல்கைக்கோ எஃப்32க்கோ முதல் ஆண்டிலேயே விண்ணப்பித்திருந்தால் எழுத்துப் பயிற்சியும் கிடைத்திருக்கும். எதைப் பின்னோக்கி எண்ணச் சொல்கிறேன் என்பது இப்போது விளங்கும்.

எழுத்தில் எல்லாவற்றுக்கும் மேலானது குறிக்கோள்களைச் சொல்லும் அந்த ஒற்றைப் பக்கம். எது தெரியும், எது தெரியாது, தெரியாததால் யாருக்கு என்ன இழப்பு, அதை எப்படி அறியப் போகிறேன் என்ற நான்கும் அதில் வந்துவிட வேண்டும். இரண்டாவது குறிக்கோள் முதலாவதன் வெற்றியை நம்பி நிற்கக்கூடாது. முதலாவது பொய்த்தால் முழு விண்ணப்பமும் சரிந்துவிடும் என்பதை மதிப்பாய்வாளர் முதல் வாசிப்பிலேயே கண்டுகொள்வார். அந்தப் பக்கத்தை இதயத்தைப் பற்றி ஒன்றும் அறியாத, வேறு துறை ஆய்வாளர் ஒருவரிடம் கொடுத்து, படித்ததைத் திரும்பச் சொல்லக் கேளுங்கள். அவர் தடுமாறும் இடத்தைத் திருத்துங்கள். பத்துப் பன்னிரண்டு வரைவுகள் ஆவது இயல்பு.

ஏழாம் படி: பேசப் பழகுதல்

அமெரிக்கப் பல்கலைக்கழக நேர்காணலில் கரும்பலகைப் பேச்சு என்று ஒன்று உண்டு. ஸ்லைடு கிடையாது, ஒரு பலகையும் எழுதுகோலும் மட்டும். அடுத்த ஐந்து ஆண்டு என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை எழுதத் தொடங்கிய மறுகணமே கேள்விகள் வரும். ஊரில் ஆசிரியரை இடைமறிக்காமல் கேட்டுப் பழகியவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றும்; இடைமறிப்பை அவமதிப்பாக எடுத்துக்கொண்டு தடுமாறியவர்களைக் கண்டிருக்கிறேன். ஆய்வகத்துக்குள் ஆண்டுக்கு இரண்டு ஒத்திகை நடத்தினால் இந்தத் தயக்கம் தீரும்.

எட்டாம் படி: பிற பணிகளுக்கும் அதே அக்கறையோடு பயிற்றுவியுங்கள்

பயிற்சி பெறுவோரில் பெரும்பாலோர் பேராசிரியர் ஆவதில்லை. அதைத் தோல்வி என்று எண்ண வைப்பது நெறியாளர் செய்யக்கூடிய பெரிய அநீதி. டெர்ஃபெனடின் என்ற ஒவ்வாமை மருந்து, இதயச் செல்லிலிருந்து பொட்டாசியம் வெளியேறும் எச்.இ.ஆர்.ஜி. வாயிலை அடைத்து உயிருக்கு ஆபத்தான துடிப்புச் சீர்குலைவை உண்டாக்கக்கூடியது என்பதால் 1990களின் இறுதியில் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. 2005இல் வந்த பன்னாட்டு நெறிமுறைகளுக்குப் பிறகு, ஒரு புதிய மருந்து மனிதரிடம் செல்வதற்கு முன்பே அந்த வாயிலை எப்படிப் பாதிக்கிறது என்று சோதிப்பது வழக்கமாகிவிட்டது. செல்லின் வாயில்கள் வழியே பாயும் மின்னோட்டத்தை அளக்கும் பேட்ச் கிளாம்ப் கருவியில் மூன்று ஆண்டு கை பழகியவருக்கு மருந்து நிறுவனங்களின் பாதுகாப்புப் பிரிவிலும் ஒழுங்குமுறை அமைப்புகளிலும் மதிப்பு உண்டு. மருந்துச் சோதனை வடிவமைப்பு, இதழாசிரியப் பணி, தரவு அறிவியல் ஆகியவற்றிலும் இடம் இருக்கிறது. மூன்றாம் ஆண்டுத் தொடக்கத்தில், அத்துறைகளுக்குப் போன முன்னாள் மேலாய்வாளர்களை அழைத்துப் பேச வையுங்கள். இந்தியா திரும்ப நினைப்பவர், 2008இல் உயிரித்தொழில்நுட்பத் துறையும் வெல்கம் அறக்கட்டளையும் சேர்ந்து தொடங்கிய இந்தியா அலையன்ஸ் நல்கைகளின் அறிவிப்புகளைக் கவனித்துவரலாம்.

ஒன்பதாம் படி: வெளியேறும்போது எதை எடுத்துச் செல்லலாம்

முதல் மாதம் எழுதிய உடன்பாட்டை இப்போது மீண்டும் எடுங்கள். எந்தத் திட்டத்தை மேலாய்வாளர் கொண்டுபோகிறார், எத்தனை ஆண்டுக்கு நெறியாளர் அதில் கைவைக்க மாட்டார், முடிக்காத கட்டுரைகளில் யார் பெயர் எங்கே வரும் என்பதையெல்லாம் ஒரு கடிதமாக எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். ஆய்வுக் குறிப்பேடுகளும் மூலத் தரவும் பல்கலைக்கழகத்துக்கு உரியவை. பிரதி எடுத்துச் செல்ல அனுமதி கேட்டுப் பெற வேண்டும். உறைபெட்டியில் உள்ள பிளாஸ்மிட் (மரபணுவைச் சுமக்கும் டி.என்.ஏ. வளையம்), வைரஸ், செல் மாதிரிகளைப் பெட்டி வாரியாகப் பட்டியலிட்டு, பொருள் பரிமாற்ற ஒப்பந்தத்தோடு அனுப்ப வேண்டும். மரபணு மாற்றிய சுண்டெலிகளுக்குத்தான் அதிக நாள் பிடிக்கும்: புதிய நிறுவனம் அவற்றை நோய்த்தொற்றுக்குச் சோதித்துத் தனிமைப்படுத்தும், சில இடங்களில் கருவிலிருந்தே மறுபடி உருவாக்கச் சொல்லும். ஆகவே பணி நியமனக் கடிதம் வந்த வாரத்திலேயே இரண்டு விலங்ககங்களின் கால்நடை மருத்துவர்களையும் பேச வைத்து, குறைந்தது ஆறு மாதம் முன்னதாகவே இனப்பெருக்க ஜோடிகளை ஒதுக்கி வையுங்கள்.